வெந்நீர்த் தொட்டியில் ஒரு பெயர்

யாங்கூனின் பபேடான் பகுதியில் எங்கள் ஆட்கள் நடத்தும் பிரசவ மருத்துவமனை ஒன்று இருக்கிறது. நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் நகரசபையிலும் வேலை பார்த்த தமிழர்கள் சேர்ந்து கட்டியது. இப்போது அவர்களுடைய பேரன்மார் கமிட்டியாக இருந்து நடத்துகிறார்கள். பிரசவத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பர்மியப் பெண்கள். கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். தாய்க்கும் பிள்ளைக்கும் குளிக்க வெந்நீர் உண்டு என்பது இன்னொன்று.

அந்த வெந்நீரைக் கொடுத்து வந்தது தரைத்தளத்தின் பின்பக்கம் இருந்த கேஸ் பாய்லர். கேஸ் கிடைப்பது சிரமமான பிறகு ஒரு சிலிண்டருக்கும் அடுத்த சிலிண்டருக்கும் இடையே நாட்கள் விழுந்தன. அந்த நாட்களில் ஆயாக்கள் கரி அடுப்பில் அண்டா வைத்தார்கள். குளிப்பாட்டும் அறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

பெரிய கட்டடங்கள் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு மின்சாரத்துக்கு மாறினால் கருவிச் செலவை நகரமே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தபோது கமிட்டி உடனே கூடியது. அறிவிப்பில் அவர்களை இழுத்தது பணம் அல்ல. மாறும் மருத்துவமனைகளுக்கு வெட்டில்லாத தனி லைன் தரப்படும் என்று கடைசி வரியில் இருந்தது. யாங்கூனில் மின்சாரம் முறை வைத்து வருகிறது. பர்மியச் சொல்லால் அதை நாங்கள் 'மீ' என்போம். மீ வந்ததும் தெரு முழுக்க ஒரு குரல் கேட்கும். தண்ணீர் மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும். அரிசிப் பானைகள் ஏறும். சில மணி நேரத்தில் போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் தனி லைன் இல்லாமல் மின்சார வெந்நீர்த் தொட்டி வைப்பதில் பயன் இல்லை.

விண்ணப்பத்தை அலுவலகப் பர்மிய மொழியில் எழுத வேண்டும். பர்மியப் பத்திரிகை ஒன்றில் பல வருடம் செய்தி மேசையில் இருந்தவன் என்பதால் கமிட்டிச் செயலாளர் என்னிடம் வந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். படிவங்களைக் கண்டால் பயப்படாதவர்; ஆனால் தான் எழுதிய பர்மிய மொழியைப் பிறர் படிப்பதை விரும்பாதவர். என் வீட்டு மேசையில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக நிரப்பினோம். ஒரு கட்டத்தில், இந்த மாற்றத்துக்கு வேறு யாரும் பங்களித்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தது.

"வேற யாரும் பங்கு குடுத்திருக்காங்களா அண்ணே?"

"யாரு குடுப்பா? நாமதான் நிக்கிறோம். இல்லைன்னு போடு தம்பி."

இல்லை என்று எழுதினேன். நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதக்கூடாது என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை என்னுடையது. மருத்துவமனையின் மொட்டை மாடிக்கு அப்போது நான் போகவில்லை. நான்கு மாடி ஏறவேண்டும் என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

விண்ணப்பம் கொள்கையளவில் ஏற்கப்பட்டது. கருவிகளை முதலில் கமிட்டி வாங்கிப் பொருத்த வேண்டும். நகரத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். அவர் எழுதும் அறிக்கைக்குப் பிறகு செலவைத் தருவார்கள், லைனும் இழுப்பார்கள். பெரிய எவர்சில்வர் தொட்டி ஒன்று முன்பே மொட்டை மாடிக்குப் போயிருந்தது; இரண்டாவது தொட்டி, உள்ளே சூடாக்கும் கம்பிகள், ஒரு சுவிட்ச் பெட்டி, குழாய்கள் எல்லாம் இப்போது போயின.

பார்வையிட வந்த அதிகாரிக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தோளில் ஷான் துணிப்பை, கையில் டேப். செயலாளரும் நானும் அவருடன் ஏறினோம். கீழே பாய்லர் கழற்றப்பட்ட இடத்தைப் படம் எடுத்தார். மூன்றாவது மாடியில் குழாயைத் திறந்து பார்த்தார். மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகளும் பக்கம் பக்கமாக நின்றன. ஒன்று வெறும் தொட்டி. மற்றதில் இடுப்பு உயரத்தில் ஒரு எவர்சில்வர் தகடு நான்கு திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. தகட்டுக்குச் சந்தனம், குங்குமம். மேலே காய்ந்த செவ்வந்தி மாலை. பர்மிய எழுத்திலும் தமிழிலும் பொறித்திருந்தது: துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய இன்னாரின் நினைவாக, அவர் மனைவி வழங்கிய வெந்நீர்த் தொட்டி.

அதிகாரி பர்மிய வரியை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, வயதில் மூத்தவரை அழைக்கும் பர்மியச் சொல்லால் கேட்டார்.

"ஊலே, இது யார் வாங்கியது?"

நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் முன்னால் வந்தார். அவர் முகத்தில் பெருமை. "அலூ, சயா. நல்ல மனசுள்ள ஒரு அம்மா செஞ்சது. வீட்டுக்காரர் திவசத்தன்னைக்குப் பொங்கீயைக் கூப்பிட்டு, ஐயரையும் கூப்பிட்டு, தாரை வார்த்துக் குடுத்தாங்க."

அலூ என்றால் தருமம், பொங்கீ என்றால் பௌத்தத் துறவி, சயா என்றால் ஐயா. இந்த ஊரில் பெயர் எழுதாத அலூ அபூர்வம். கோயில் படிக்கட்டில் பெயர், தெருமுனைத் தண்ணீர்ப் பானையில் பெயர், மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் பெயர். எங்கள் ஆட்களுக்கும் அந்தப் பழக்கம் எப்போதோ வந்துவிட்டது.

"படிவத்தில் யாரும் பங்களிக்கவில்லை என்று இருக்கிறதே."

"பங்களிப்பு யாரும் பண்ணலை சயா. இது அலூ."

செயலாளர் இதைத் தந்திரமாகச் சொல்லவில்லை. அவர் கணக்கில் பங்களிப்பு என்பது கம்பெனிக்காரர்கள் செய்வது. அதற்குக் கடிதம் வரும், கூட்டம் நடக்கும், கைமாறு எதிர்பார்ப்பார்கள். அலூ பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவது. அதைத் திட்டத்தோடு சேர்த்துப் பேசுவதே அவருக்கு அபசாரமாகப் பட்டது. அந்தக் கேள்வியை நான் அவரிடம் வேறு மாதிரி கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

அதிகாரி கோபப்படவில்லை. தொட்டியின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"எனக்குப் புரியாமல் இல்லை, ஊலே. எங்கள் ஊர் மடத்துப் படிக்கட்டில் ஏழாவது படி என் அம்மா பெயரில் இருக்கிறது. எட்டாவது என் தங்கச்சி. எனக்குத்தான் இன்னும் படி இல்லை."

"உங்களுக்கு லிஃப்ட் குடுத்துருவாங்க" என்றார் செயலாளர். அந்த இளைஞர் சிரித்தார். பிறகு மறுபடியும் அதிகாரியானார். வேறொருவர் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்த பொருள் திட்டத்துக்குள் இருந்தால் கோப்பு அத்தோடு மூடப்படும்; ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டு மற்றதற்குக் கொடுக்கும் வழி விதியில் இல்லை. இன்று பார்த்தது முதல் பார்வை. பத்து நாள் கழித்து இறுதிப் பார்வைக்கு வருவார். அன்று மாடியில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் மருத்துவமனையின் பெயரில் ரசீது இருக்க வேண்டும்.

"இல்லாவிட்டால் லைன்?" என்று கேட்டேன்.

"கோப்பு இல்லாமல் லைன் இல்லை, ஊலே."

அவரை வழியனுப்பிவிட்டுப் படியில் நின்றபடியே செயலாளர் ஒரு யோசனை சொன்னார். "நாலு திருகாணி. பத்து நாள். கழட்டி பீரோவுல வச்சுட்டு, அவர் வந்துட்டுப் போனதும் மாட்டிருவோம்."

"ரசீது அந்த அம்மா பேர்ல இருக்குமே."

"கடைக்காரன் நம்ம ஆளுதான். வேற எழுதிக் குடுப்பான்."

"ஏற்கெனவே ஒரு 'இல்லை' எழுதிட்டேன் அண்ணே. இன்னொண்ணு எழுத முடியாது."

அவர் படிக்கட்டுக் கைப்பிடியைத் தட்டினார். "அப்ப நீயே போய் அந்த அம்மாட்ட சொல்லு. எனக்கு அவங்க நாக்கைக் கண்டா பயம்."

மறுநாள் காலை ஆற்றோரம் இருக்கும் க்யிம்யிண்டைங் போனேன். அந்தப் பெண்மணி படகுத்துறைச் சந்தையில் வெற்றிலை மொத்த வியாபாரம் செய்கிறார். டெல்டாவிலிருந்து படகில் வரும் கூடைகளைப் பிரித்து, அழுகலைக் கழித்து, கட்டுப் போட்டுக் கடைக்காரர்களுக்குக் கொடுப்பார். ஐம்பத்தைந்துக்கு மேல் வயது. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, காதில் சிவப்புக்கல் கம்மல். தமிழில் என்னிடமும் பர்மிய மொழியில் சுமைக்காரர்களிடமும் ஒரே மூச்சில் பேசினார். நான் நடந்ததைச் சொன்னேன். கை நிற்காமல் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"அதனால தகட்டைக் கழட்டப் போறீங்க."

"கழட்டினாலும் ரசீது உங்க பேர்ல இருக்கு அக்கா. செயலாளர், கழட்டிட்டு மறுபடி மாட்டலாம்னு—"

"பேரை எடுத்துட்டு எடுத்துட்டு மாட்டுறதுக்கு அதென்ன பஸ்ஸு நம்பர் பலகையா? அந்தாளு பேரை அவரு வீட்டு வாசல்ல கழட்டி மாட்டிப் பாக்கச் சொல்லுங்க."

அருகில் கட்டு வாங்க வந்திருந்தவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ஒரு கூடையை முடித்து ஈரச் சாக்கால் மூடிய பிறகுதான் மேலே பேசினார்.

"எம் பொண்ணு அங்கதான் பொறந்தா. அன்னைக்கு கேஸ் இல்லை. ஆயா சொன்னதும் எங்க வீட்டுக்காரரு கிரேன்ல இருந்து எறங்கி வந்த அழுக்குச் சட்டையோட இங்க ஓடியாந்து, வீட்டுல தண்ணி காய வச்சு, ரெண்டு கெட்டில்ல ஊத்தி, சைக்கா ரிக்‌ஷால ஏறி பபேடானுக்குக் கொண்டாந்தாரு. மூணு நாளு. மூணாம் நாளு சைக்காக்காரன் கூலி வேணாம்னுட்டான். அவரு போனப்புறம் என்ன செய்யலாம்னு எல்லாரும் கேட்டாங்க. கோயிலுக்கு மணி வாங்கலாம்னாங்க. நான் தொட்டிதான்னு சொன்னேன். அந்தப் பேரு அங்கதான் இருக்கணும், தம்பி."

"கமிட்டி அதைத் திருப்பிக் குடுத்துட்டு வேற தொட்டி வாங்கலாம் அக்கா. உங்களோடது உங்ககிட்ட—"

"தாரை வார்த்துக் குடுத்ததை நான் திரும்ப வாங்கவா? நல்லாருக்கே. எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் சேர்த்துப் பாவம் மூட்டை கட்டித் தர்றீங்க."

பிறகு ஒன்று தோன்றியது. தாரை வார்த்தபின் தொட்டி அவருடையது அல்ல, கமிட்டியுடையது. கமிட்டி அதை வேறொரு தரும ஸ்தலத்துக்குக் கொடுக்கலாம். அவர் திரும்ப வாங்கியதாகாது. தகடும் தொட்டியோடு போகும். அதைச் சொன்னேன்.

"எங்க போகும்?"

"நீங்க சொல்ற இடத்துக்கு."

அவர் கணவரின் ஆட்கள் தன்லியினில், பாலத்துக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள். அங்கே அவர்களுடைய கோயில் ஒன்று இருக்கிறது.

"அங்க மீ இருக்கா?"

"வரும், போகும். தனி லைன் இல்லை."

"அப்ப தண்ணி சுடாது."

"சுடாது அக்கா."

ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளிக் கீழே போட்டார். பிறகு இன்னொன்றை. நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் அவரே மருத்துவமனைக்கு வந்துவிட்டார். செயலாளர் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அவர் உட்காரவில்லை, படியேறத் தொடங்கினார். நாங்கள் பின்னால் போனோம். அப்போது மீ இல்லை. மூன்றாவது மாடியில் குளிப்பாட்டும் அறை வாசலில் நான்கைந்து பேர் ஃபிளாஸ்க்கும் தூக்குமாக நின்றார்கள். கரி அடுப்பு அண்டாவிலிருந்து ஒரு ஆயா அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆயா பர்மியப் பெண். அந்தப் பெண்மணியை அவருக்குத் தெரியும், தொட்டி கொடுத்த அன்று மாலை போட்டவர்களில் ஒருவர்.

"மாமா, அந்தத் தொட்டியிலிருந்து இன்னைக்கு வெந்நீர் வந்ததா?" என்று அந்தப் பெண்மணி பர்மிய மொழியில் கேட்டார். மூத்த பெண்களை இங்கே மாமா என்பதுண்டு. அக்கா என்று பொருள்.

ஆயா மரியாதையாக யோசித்தார். "விடியற்காலை கொஞ்ச நேரம் வந்தது."

"நேத்து?"

"நேத்து மீ வந்தது. ஆனா தண்ணி சூடாகறதுக்குள்ள போயிடுச்சு."

"முந்தாநாள்?"

ஆயா செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சுவரைப் பார்த்தார்.

அந்தப் பெண்மணி மொட்டை மாடிக்கு ஏறினார். தகட்டை முந்தானையால் துடைத்தார், காய்ந்த மாலையை எடுத்துச் சுருட்டிப் பையில் வைத்தார். தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளிப்பக்கம் எப்போதும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், உள்ளே சூடு காக்கும் உறை இருக்கிறது என்று நான் விளக்கவில்லை.

"லைனு வந்தா நிக்காம வருமா?"

"வரும்னு எழுத்துல குடுத்திருக்காங்க" என்றேன்.

"எழுத்துல." என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, எறக்குங்க. எம் ஆளுங்களை அனுப்புறேன். ஏத்தினப்ப உங்க ஆளுங்க மூலையில இடிச்சு ஒடுக்கு விழ வச்சாங்க."

ஒடுக்கு இருந்தது. அதுவரை நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் படகுத்துறைச் சுமைக்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். கயிறு, சாக்கு, இரண்டு மூங்கில். ஒவ்வொரு திருப்பத்திலும் தொட்டியை நிமிர்த்தி, அரை வட்டம் திருப்பி, மறுபடி சாய்த்தார்கள். கர்ப்பிணிகள் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கீழே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வேறெங்கும் இடிக்கவில்லை.

தெருவில் லாரி நின்றபோது செயலாளர் என்னைத் தனியே அழைத்தார். "இப்ப தன்லியின் கோயிலுக்குக் குடுக்கிறது யாரு? கமிட்டிதானே? அப்ப கமிட்டி பேரும் ஒரு வரி வரணுமில்ல?"

குரல் தாழ்வாகத்தான் இருந்தது. அந்தப் பெண்மணிக்குக் கேட்டுவிட்டது.

"போடுங்களேன். அடியில. எம் வீட்டுக்காரரு பேருல பாதி எழுத்து உயரத்துல."

"பாதின்னா படிக்க முடியாதும்மா."

"குனிஞ்சு படிக்கட்டும்."

அப்படியே பொறித்தார்கள். கோயிலில் இன்னொரு பேச்சு எழுந்தது. அங்கே சூடாக்கும் கம்பிக்கு இணைப்புக் கொடுக்கப் போவதில்லை. வாசலில் கைகால் கழுவும் தண்ணீருக்குத்தான் தொட்டி. அதனால் தகட்டில் 'வெந்நீர்' என்பதை 'நீர்' என்று மாற்றலாமா என்று கோயில்காரர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். அந்தப் பெண்மணி வெற்றிலைச் சந்தை இரைச்சலுக்கு நடுவே பதில் சொன்னார்: "குடுத்தது வெந்நீர்த் தொட்டி. மாத்தாதீங்க."

புதுத் தொட்டியைக் கமிட்டி தன் பெயரில் ரசீது போட்டு வாங்கியது. பத்தாம் நாள் அதிகாரி வந்தார். பழைய தொட்டி எங்கே என்று கேட்டார். தன்லியின் கோயிலுக்குக் கொடுத்துவிட்டோம் என்று முழுவதையும் சொன்னேன். முதல் விண்ணப்பத்தில் நான் எழுதியது தவறு என்றும் எழுத்தில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கோப்பில் சேர்த்தார். பிறகு பையிலிருந்து இரண்டு ஸ்டிக்கர்களை எடுத்து இரண்டு தொட்டிகளிலும் ஒட்டினார். நகர முத்திரை, கீழே ஒரு எண்.

"நீங்க மட்டும் பேரு போட்டுக்கலாமா சயா?" என்றார் செயலாளர்.

"இது பெயர் இல்லை, ஊலே. நம்பர்."

லைன் உடனே வரவில்லை. இரண்டு முறை கடிதம் எழுதினேன். மழை தொடங்கிய பிறகு கம்பம் நட்டு இழுத்தார்கள். முதல் வாரம் ஆயாக்கள் நம்பாமல் அண்டாவையும் அடுப்பில் வைத்திருந்தார்கள். இப்போது அண்டா சமையலறையில் இருக்கிறது. லைனும் சில நாட்களில் போகிறது, முன்பைவிடக் குறைவு. அந்தப் பெண்மணி அதன் பிறகு மருத்துவமனைக்கு வரவில்லை. லைன் வந்த செய்தியைச் சொல்லச் சந்தைக்குப் போனபோது, "நிக்காம வருதா?" என்று மட்டும் கேட்டார். பெரும்பாலும் வருகிறது என்றேன். ஒரு கட்டு வெற்றிலையை என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். நான் வெற்றிலை போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு வேலையாகத் தன்லியின் போயிருந்தேன். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் அந்தக் கோயில் வழியாக நடந்தேன். தொட்டியை வாசலுக்கு வலப்பக்கம் தாழ்வான சிமெண்ட் மேடையில் வைத்திருக்கிறார்கள். ஒடுக்கு சுவர்ப் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. தகட்டில் புதிய குங்குமம். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வந்த பர்மியப் பெண் ஒருத்தி, டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டுத் தகட்டை மேலிருந்து கடைசி வரை படித்தாள். கடைசி வரிக்குக் குனிந்தாள். குழாயைக் கால் சுற்றுத் திறந்து, ஒரு விரல் நுனியை மட்டும் நீட்டிச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். சுடவில்லை என்று தெரிந்ததும் முழுக் கையையும் வைத்தாள். குழாயை நன்றாகத் திறந்துவிட்டு முகம் கழுவினாள்.